லிப்பிட் ப்ரொஃபைல், சிஆர்பி: ரிப்போர்ட்ட கையில வச்சிட்டு முழிக்கிறவங்களுக்கு

பயோகெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல. லிப்பிட் ப்ரொஃபைல்னா ரத்தத்துல இருக்குற கொழுப்புகளோட டெஸ்ட், சிஆர்பின்னா உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுறது. மாத்திரை போடலாமா நிறுத்தலாமான்னு என்கிட்ட கேக்காதீங்க. ரிப்போர்ட்ல இருக்குற நம்பர் எங்கேர்ந்து வருது, எத பாத்து பயப்படணும், எதுக்கு காசு குடுக்க வேணாம், அத கேளுங்க.

கேள்வி: அக்கா, காலைல 6 மணிக்கு பால் காபி குடிச்சிட்டேன், லேப்ல வெறும் வயிறுன்னு சொல்லிட்டேன். ரிசல்ட் மொத்தமும் வேஸ்ட்டா?

இல்லப்பா. மொத்த கொலஸ்ட்ரால், எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்றது) ரெண்டும் ஒரு காபில பெருசா மாறாது. ஐரோப்பால 2016லயே வழக்கமான லிப்பிட் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லன்னு சொல்லிட்டாங்க. ஏறுறது ட்ரைகிளிசரைட்ங்கிற கொழுப்பு தான், அது 400ஐ தாண்டினா மட்டும் வெறும் வயித்துல திரும்ப பாக்கலாம். ஆனா முந்தின நாள் ராத்திரி சரக்கும் பரோட்டாவுமா இருந்துட்டு வந்தா அது வேற கதை, சில பேரோட ரத்தத்த மெஷின்ல சுத்தி எடுத்தா மேல தெளிவா மஞ்சளா நிக்க வேண்டிய சீரம் வெள்ளையா பால் கலந்த மாதிரி நிக்கும், டியூப்ப பாத்தவுடனே எங்களுக்கு தெரிஞ்சிடும். பொய் மட்டும் சொல்லாதீங்க, சுகர் டெஸ்ட்டும் அதே ரத்தத்துல தான போகுது.

கேள்வி: வயசு 41. மொத்தம் 212, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைட் 240, எல்டிஎல் 130. எல்டிஎல் பார்டர்ல தான இருக்கு, கவலையில்லன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

உங்க ஃப்ரெண்ட் ஒரு நம்பர மட்டும் பாக்குறார். அந்த 130 எப்படி வந்துச்சு தெரியுமா? நிறைய லேப்ல எல்டிஎல்ல, அதாவது கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றத, நேரா அளக்குறதில்ல, கணக்கு தான். 1972ல ஃப்ரீட்வால்ட்ங்கிறவர் குடுத்த ஃபார்முலா: மொத்தத்துல எச்டிஎல்ல கழி, ட்ரைகிளிசரைட்ட அஞ்சால வகுத்து அதையும் கழி. 212லேர்ந்து 34 போச்சு, 48 போச்சு, மிச்சம் 130. ட்ரைகிளிசரைட் ஏற ஏற இந்த கணக்கு தடுமாறும், 400க்கு மேல போனா செல்லவே செல்லாது.

இப்ப 212ல 34 மட்டும் கழிங்க. 178. இது நான்-எச்டிஎல், ரத்தக்குழாய்ல போய் படியக்கூடிய கொலஸ்ட்ரால் எல்லாம் சேந்த கணக்கு, இதுக்குன்னு தனியா பைசா செலவில்ல. பொதுவா எல்டிஎல் டார்கெட்டோட 30 கூட்டிக்கணும், அதாவது எல்டிஎல் 100க்குள்ள இருக்கணும்னா இது 130க்குள்ள. நீங்க 178. எச்டிஎல் கம்மி, ட்ரைகிளிசரைட் ஜாஸ்தி, எல்டிஎல் சுமார்ங்கிற இந்த பேட்டர்ன் நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப சகஜம், இதுல எல்டிஎல் துகள் சின்னதா, எண்ணிக்கை அதிகமா இருக்கும். எண்ணிக்கை தெரியணும்னா அப்போ-பி டெஸ்ட் இருக்கு, அது அந்த துகள் மேல இருக்குற புரோட்டீன், ஒரு துகளுக்கு ஒரு அப்போ-பி தான். இடுப்பு சுத்தளவு, எச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), பிபி மூணையும் எடுத்துட்டு டாக்டர பாருங்க.

கேள்வி: எச்எஸ்-சிஆர்பி 14 வந்திருக்கு! 3க்கு மேல போனா ஹார்ட்டுக்கு ஹை ரிஸ்க்னு போட்டிருக்கு. ராத்திரி தூக்கமே இல்ல.

முதல்ல தூங்குங்க. போன வாரம் சளி, காய்ச்சல், பல்லு வீக்கம், ஏதாவது இருந்துச்சா? சிஆர்பி லிவர் தயாரிக்கிற புரோட்டீன், உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் சில மணி நேரத்துல ஏறிடும், எங்கன்னு சொல்லாது. 1930ல இத கண்டுபுடிச்சதே நிமோனியா நோயாளிங்க ரத்தத்துல தான். 1க்கு கீழ, 1 முதல் 3, 3க்கு மேலங்கிற கணக்கெல்லாம் உடம்பு சாதாரணமா இருக்கும்போது பாக்குறதுக்கு. 10ஐ தாண்டினா ஹார்ட் கணக்குல சேக்காம காரணத்த தேடணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுக்கணும். அப்பவும் இறங்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, மூட்டுவாதம் மாதிரி வேற விஷயமா இருக்கலாம்.

கேள்வி: சாதா சிஆர்பியும் எச்எஸ்ஸும் ஒண்ணு தானே?

புரோட்டீன் ஒண்ணு தான், எச்எஸ் சின்ன அளவையும் துல்லியமா பிடிக்கும். காய்ச்சலுக்கு எழுதுறது சாதா.

கேள்வி: அப்பாவுக்கு 44 வயசுல அட்டாக். சிகரெட் இல்ல, சுகர் இல்ல, கொலஸ்ட்ராலும் நார்மல். எனக்கு இப்ப 35. எத பாக்கணும்?

இந்த கேள்விக்கு தான் காத்திட்டிருந்தேன். லைப்போபுரோட்டீன் ஏ-ன்னு ஒண்ணு, எல்டிஎல் மாதிரியே ஒரு கொழுப்புத் துகள், 1963ல நார்வே விஞ்ஞானி காரே பெர்க் கண்டுபுடிச்சது, சாதா லிப்பிட் ப்ரொஃபைல்ல தனியா வராது, கேட்டு எடுக்கணும். பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகிடும், ஓடினாலும் சோத்த குறைச்சாலும் பெருசா இறங்காது. அதனால வாழ்க்கைல ஒரு தடவ பாத்தா பொதுவா போதும். ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தா ரிஸ்க் கூடுதல்னு எடுத்துக்குறாங்க. சில லேப் லிட்டருக்கு எத்தன நானோமோல்னு குடுப்பாங்க, அதுல 125. அதிகமா வந்தா மத்த விஷயங்கள, முக்கியமா எல்டிஎல்ல, இன்னும் கீழ வைக்க டாக்டர் பாப்பாங்க. கூடப்பொறந்தவங்களையும் எடுக்க சொல்லுங்க.

கேள்வி: லண்டன்லேர்ந்து கேக்குறேன், இங்க கொலஸ்ட்ரால் 5.8ன்னு வருது, ஊர்ல அம்மாவுக்கு 190. ஒண்ணும் புரியல.

யூனிட் தான் வேற, அங்க லிட்டருக்கு மில்லிமோல், இங்க டெசிலிட்டருக்கு மில்லிகிராம். கொலஸ்ட்ரால 38.67ஆல பெருக்குங்க, உங்களது சுமார் 224. ட்ரைகிளிசரைட்டுக்கு மட்டும் 88.5, மாத்தி போட்டுடாதீங்க. அம்மாவ விட உங்களுக்கு தான் ஜாஸ்தி.

கேள்வி: நான் முட்டை கூட தொட மாட்டேன், சுத்த சைவம். எல்டிஎல் 168 எப்படி?

கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு நம்ம லிவரே செய்றது. நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்கா எண்ணெய் எல்லாம் சைவம் தானே, எல்டிஎல்ல ஏத்தும். எண்ணெய் பாக்கெட்ல 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'ன்னு போட்டிருக்கும், செடிலேர்ந்து வர்ற எந்த எண்ணெய்லயும் அது கிடையாது, சும்மா விளம்பரம். டிஎஸ்எச்ங்கிற தைராய்டு டெஸ்ட் பாத்தீங்களா? தைராய்டு மந்தமா இருந்தாலும் எல்டிஎல் ஏறும், அத சரி பண்ணா இதுவும் இறங்கும். 190 தாண்டியிருந்தா பரம்பரையான்னு யோசிக்க சொல்லியிருப்பேன்.

கேள்வி: கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை போட்டு எல்டிஎல் 160லேர்ந்து 82 ஆயிடுச்சு. நார்மல் ஆயிட்டதால விட்டுட்டேன், சரிதானே?

82 வந்ததே மாத்திரையால தான், விட்டா சில வாரத்துல பழைய இடத்துக்கே போயிடும். இந்த வாரமே டாக்டர்கிட்ட போய் நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. தசை வலி இருந்துச்சுன்னா அதையும் சொல்லுங்க, மாத்தி குடுப்பாங்க.

கேள்வி: ஹெல்த் பேக்கேஜ்ல ட்ரோபோனின், ஹோமோசிஸ்டீன் எல்லாம் சேத்து ஆஃபர் போட்டிருக்காங்க. எடுக்கலாமா மேடம்?

நான் எடுக்க மாட்டேன். ஹோமோசிஸ்டீன் ரத்தத்துல இருக்குற ஒரு அமினோ அமிலம், அத விட்டமின் குடுத்து குறைச்சும் அட்டாக் குறையலன்னு பெரிய ஆய்வுகள்ல பாத்தாச்சு. ட்ரோபோனின் இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல வர்றது, அது எமர்ஜென்சிக்கான டெஸ்ட், சில மணி நேர இடைவெளில திரும்ப எடுத்து ஏறுதான்னு பாப்பாங்க. நெஞ்சு வலின்னா லேப்புக்கு வராதீங்க சாமி, 108க்கு போன் போட்டு ஆஸ்பத்திரி போங்க, அங்க முதல்ல ஈசிஜி எடுப்பாங்க.