குக்கர் விசிலும் தியானமும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகக் காலையில் அரை மணி நேரம் தியானத்தில் உட்காருகிறேன். மனம் நிற்பதே இல்லை. கொஞ்சம் அடங்கும்போது குக்கர் விசில் அடிக்கும், பையன் அழுவான். கதவைச் சாத்தி வைக்கும்படி மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மூச்சைக் கவனிப்பதை விட்டு மந்திரத்துக்கு மாறலாமா? தீட்சை வாங்கியே ஆகவேண்டுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீட்சை உங்கள் விருப்பம். மூச்சோ மந்திரமோ, எடுத்ததை மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் இருந்தால் போதும். மனம் நிற்கவில்லை என்று வருந்தவும் வேண்டாம். கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனனும் அதைத்தான் புலம்புகிறான், காற்றைப் பிடிப்பது போல இருக்கிறது என்று. கிருஷ்ணன் அவனைத் திட்டவில்லை. நானும் அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை.

திட்டப் போவது அந்தக் கதவுக்காக.

நீங்கள் கண்ணை மூடியிருக்கும் அந்த அரை மணியில் அரிசி களைந்து குக்கர் வைப்பது யார்? பையனைக் குளிப்பாட்டிக் கிளப்புவது யார்? என் அப்பா பூஜையறையில் உட்கார்ந்தால் நாங்கள் தண்ணீர் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் எடுக்கவேண்டும். எழுந்து வருவார். நெற்றியில் பூசிய திருநீறு காய்ந்திருக்காது, அதற்குள் காபி ஆறிப்போனதென்று அம்மாவைப் பிடித்துக் கத்துவார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். யாராவது ‘எனக்கு அமைதி வேண்டும்’ என்றால், யார் தலையில் வேலையைக் கட்டிவிட்டு என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் பாதாள லிங்கக் குகையில் பூச்சி கடிப்பதும் தெரியாமல் இருந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ரமணர் பின்னாளில் பொழுது விடியுமுன் ஆசிரமத்து அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கியதை, சட்னி அரைத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. கீரைத்தண்டைக்கூட வீணாக்க விடமாட்டார். பாத்திரச் சத்தம் அவரை என்ன செய்துவிட்டது?

பதஞ்சலியையும் பாருங்கள். யோக சூத்திரத்தின் முதல் பாதம், 30ஆம் சூத்திரம். நோய், சந்தேகம், சோம்பல், கவனக்குறைவு என்று 9 தடைகள் வருகின்றன. பக்கத்து அறைச் சத்தம் அதில் இல்லை. சித்தம் தெளிய வழி சொல்லத் தொடங்கும் 33ஆம் சூத்திரத்தில் வருவது மனிதர்கள்தான்: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லதைச் செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, கெட்டதைச் செய்பவரைப் பொருட்படுத்தாமை. மூச்சு 34இல்தான் வருகிறது. அதுவும் ‘அல்லது’ என்ற சொல்லோடு. வரிசைக்கு அப்படியெல்லாம் பொருள் கொள்ளக்கூடாது என்று பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நாளைக் காலை குக்கரை நீங்கள் வையுங்கள். பையனையும் நீங்களே கிளப்புங்கள். அப்புறம் நேரம் இருந்தால் உட்காருங்கள், இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. சரி, ஒன்று கேட்கிறேன். தனக்கென்று அப்படி ஓர் அரை மணி வேண்டுமா என்று உங்கள் மனைவியிடம் என்றாவது கேட்டிருக்கிறீர்களா?