பிரிட்டனில் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும்போது பகுதிநேர வேலை கேட்டேன், மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில், கோபத்தில் ராஜினாமா செய்துவிடாதீர்கள். 2024-இல் லண்டனில் எனக்கும் இதேதான் நடந்தது.

ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்த அம்மா திருச்சிக்குத் திரும்பிவிட்டார். கணவருக்கு ஷிப்ட் வேலை. நர்சரியை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். எனக்கு அலுவலகம் முடிவதே 5.30, அப்புறம் ரயிலில் முக்கால் மணி நேரம். வாரம் மூன்று நாள் வேலை கேட்டேன். "இது முழுநேரப் பொறுப்பு" என்று மேலாளர் இரண்டு வரியில் மெயில் போட்டார். அன்று ராத்திரியே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

மறுநாள், வேலை தொடர்பான உரிமைகள் பற்றி இலவசமாக ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணுக்குப் பேசினேன். சட்டப்படி நமக்கு இருப்பது கேட்கிற உரிமை மட்டும்தான். ஆனால் மறுப்பதற்கும் விதி உண்டு. 2024 ஏப்ரல் 6 முதல், 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். மறுக்கும் முன் நம்மோடு கலந்து பேச வேண்டும், இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் செலவு, வேலையைப் பிரித்துத் தர ஆளில்லை, புதிய ஆள் கிடைக்கவில்லை, தரம் குறையும் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மொத்தம் எட்டு. "முழுநேரப் பொறுப்பு" அந்த எட்டில் இல்லவே இல்லை!

இன்னொன்று, 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் தக்க காரணமில்லாமல் முழுநேரம்தான் என்று அடம்பிடிப்பது மறைமுகப் பாலினப் பாகுபாடு ஆகலாம். வீடு விற்கும் ஏஜென்சி ஒன்றில் மேலாளராக இருந்த பெண், வாரம் நாலு நாள், மாலை 5 மணி வரை என்று கேட்டு மறுக்கப்பட்டார். 2021-இல் லண்டனில் வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அவருக்கு ஏறத்தாழ 1,85,000 பவுண்டு வழங்கச் சொன்னது. எல்லோருக்கும் அப்படிக் கிடைத்துவிடாது. தீர்ப்பாயம் போக எனக்கு இருந்த காலக்கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு; உங்களுக்கு எவ்வளவு என்று ஏகாஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மேல்முறையீடாக ஒரு கடிதம் எழுதினேன். என் வேலைகளை நாள் வாரியாகப் பிரித்து, எதை யாரிடம் தரலாம் என்று காட்டி, மூன்று நாள் முடியாது என்றால் நாலு நாள், அதையும் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். உரிமை பேசியதைவிட அந்த அட்டவணைதான் எச்ஆரிடம் எடுபட்டது என்று நினைக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதும் ஆண்டு விடுமுறை சேர்ந்துகொண்டே வரும். ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்குக் குறைந்தது 28 நாள். மேலாளர் சம்மதித்தால் அதை வாரம் ஒரு நாளாக எடுக்கலாம். அரை வருடம் முழுச் சம்பளத்தோடு நாலு நாள் வேலை. சோதனை மாதங்களை நான் இப்படித்தான் ஓட்டினேன்.

அப்புறம் நாலு நாள் நிரந்தரமானது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனது, வேலை மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் வராத நாளில் உங்கள் மெயிலை யார் பார்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, இன்னும் வெள்ளிக்கிழமைகளில் போன் வருகிறது.