முழங்கால் வலியோடு பிளார்னி கோட்டைக்குப் போகலாமா?

கேள்வி: அயர்லாந்தின் டப்ளினில் வேலை பார்க்கும் மகளிடம் செப்டம்பரில் போகிறோம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. அவருக்கு முழங்கால் வலி. பிளார்னி கோட்டையில் ஒரு கல்லை முத்தமிட்டால் பேச்சுத்திறன் வருமாம். அங்கே கூட்டிப்போக மகளுக்கு ஆசை. எங்களால் ஏற முடியுமா? ஒரே நாளில் டப்ளின் திரும்பிவிடலாமா?

பதில்: உங்கள் மனைவி கோபுரத்தில் ஏற வேண்டாம். ஆனால் கோட்டைக்குக் கட்டாயம் வரட்டும். பிளார்னியின் கதைகளில் பாதிக்கு மேல் கீழே தோட்டத்தில்தான் இருக்கின்றன.

முதலில் அந்தக் கல். இப்போது நிற்கும் கோபுரத்தை 1446இல் கார்மக் மெக்கார்த்தி என்ற குறுநிலத் தலைவர் கட்டினார். அவருக்கு ஒரு வழக்கு வந்ததாம். கிளீனா என்ற தேவதையிடம் முறையிட, "காலையில் வழக்குமன்றம் போகும் வழியில் முதலில் கண்ணில் படும் கல்லை முத்தமிடு" என்றாளாம். முத்தமிட்டார், வாதாடினார், ஜெயித்தார், கல்லைக் கொண்டுவந்து கோட்டையில் பதித்துவிட்டார். இதே கல்லுக்கு இன்னும் நாலைந்து பூர்வீகக் கதைகள் உண்டு; ஒன்றில் அது ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. புவியியலாளர்கள் ஆராய்ந்தபோது உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்தான் என்று தெரிந்தது. வரிசை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கல் தரையிலிருந்து சுமார் 85 அடி உயரத்தில், மேல்தள மதிலின் வெளிப்புறச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். எதிரி கீழே வந்தால் தலையில் கல்லோ கொதிநீரோ கொட்டுவதற்கான ஏற்பாடு அது. முத்தமிட வேண்டுமானால் மல்லாக்கப் படுத்து, இரும்புக் கம்பிகளைப் பிடித்து, தலையை அந்த இடைவெளிக்குள் தொங்கவிட வேண்டும். பணியாளர் ஒருவர் பிடித்துக்கொள்வார். கீழே குறுக்குக் கம்பிகளும் உண்டு. ஆபத்தில்லை. ஆனால் தலைசுற்றல், ரத்த அழுத்தம், கழுத்து வலி இருந்தால் மேலே போய் ஊரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

உண்மையான சிரமம் படிகள்தான். 120க்கும் மேல். குறுகலான, வளைந்து வளைந்து போகும் பழைய கல்படிகள். தேய்ந்தவை, மழை பெய்தால் வழுக்கும். லிஃப்ட் கிடையாது. ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறு வழி என்பதால் பாதியில் மனம் மாறினாலும் திரும்புவது கஷ்டம். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும்.

சரி, நீங்களும் மகளும் மேலே இருக்கும்போது மனைவி என்ன செய்வார்? கோட்டை அடிவாரத்திலேயே விஷத் தோட்டம் இருக்கிறது. விஷச் செடிகளை எச்சரிக்கைப் பலகையோடு வளர்க்கிறார்கள். அதில் நம் ஆமணக்கும் ஒன்று என்றால் அவருக்குச் சிரிப்பு வரலாம்.

பிறகு மூவருமாக, நிதானமாக, ராக் க்ளோஸ் என்ற பாறைத் தோட்டத்துக்குப் போங்கள். என்னைக் கேட்டால் பிளார்னியில் மனதில் நிற்கும் இடம் இதுதான். யூ என்ற முதிய ஊசியிலை மரங்கள், பாசி படிந்த பாறைகள், நடுவே சூனியக்காரியின் சமையலறை என்று சொல்லப்படும் குகை. விடியலில் போனால் அவள் மூட்டிய அடுப்பின் கங்கு இன்னும் அணையாமல் இருக்குமாம். பக்கத்திலேயே வேண்டுதல் படிகள். கண்ணை மூடி, வேண்டுதலைத் தவிர வேறெதையும் நினைக்காமல், பின்பக்கமாகவே இறங்கி ஏறினால் ஒரு வருஷத்துக்குள் நிறைவேறும் என்பது ஐதீகம். எஸ்டேட்டிலிருந்து அந்தச் சூனியக்காரி எடுக்கும் விறகுக்கு இது கூலியாம்! ஈரமான படிகள், மனைவியின் வேண்டுதலையும் மகளே சேர்த்துச் செய்யட்டும்.

ஒரே நாளில் திரும்புவது முடியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கார்க் நகருக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பிளார்னி 8 கிலோமீட்டர். 215ஆம் எண் பேருந்து போகும். இப்படிப் போய்ச் சேரும்போது சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும். முந்தின இரவே கார்க்கில் தங்கி, கோட்டை திறக்கும்போது வாசலில் இருங்கள். முதலில் கல், அப்புறம் தோட்டம். பிடிமானமுள்ள ஷூவும் மழைக்கோட்டும் அவசியம். அந்தப் படிக்கட்டில் குடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.