கிராமத்து வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையை விட்டு வந்தவாசிப் பக்கம் குடியேறி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்லூரித் தோழர்கள் எட்டு பேர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை வரை தங்குகிறார்கள். மாடியில் 500 லிட்டர் தொட்டி, ஒரே கழிப்பறை. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் தொட்டியை மட்டும் நம்ப வேண்டாம். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். பத்துப் பேருக்கு 1,350 லிட்டர். ஷவருக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு வாளியில் குளிக்கச் சொன்னால் ஆளுக்கு 80 லிட்டரில் அடக்கலாம். அப்போதும் தினம் 800 லிட்டர் வேண்டும். ஆகவே விடியற்காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை தொட்டியை நிரப்புங்கள்.

மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். மேல்தொட்டியில் விழும் குழாயடியில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர்; காலித் தொட்டி 13 நிமிடத்தில் நிறையும். அரைமணி ஓடியும் நிறையவில்லை என்றால் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியிருக்கக்கூடும். நீர்மூழ்கி மோட்டாருக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீரின்றி ஓடினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும். உடனே நிறுத்தி, ஊற்று ஊறியபின் போடுங்கள்.

கரண்டு போகும் நேரத்துக்கு 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிரப்பி மூடி வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் தினம் இரண்டு 20 லிட்டர் கேன்.

செப்டிக் டேங்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் மெதுவாக இறங்கி குடுகுடுவென்று குமிழி வந்தால், பத்துப் பேரை அது தாங்காது. முந்தின வாரமே லாரி வரவழைத்து எடுத்துவிடுங்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று ஆசிட்டும் பினாயிலும் குடம் குடமாக ஊற்றாதீர்கள்; கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். நாப்கினுக்கும் ஈரத் துடைதாளுக்கும் மூடியுள்ள கூடை ஒன்றை உள்ளேயே வைத்துவிடுங்கள். வாயால் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் குளிக்க வேண்டும் என்று நண்பர்கள் இப்போதே குதூகலமாக இருக்கிறார்கள். அனுமதிக்கலாமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: நீந்தத் தெரிந்தவர்களை மட்டும். நீச்சல் குளத்தில் பழகியவர்கள்கூட கிணற்றில் திணறுவார்கள். கால் ஊன்றவும் பிடித்துக்கொள்ளவும் அங்கே இடம் கிடையாது.

முதல் வேலை மின்சாரம். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதாது. ஆட்டோ ஸ்டார்ட்டராக இருந்தால், போன கரண்டு திரும்பும்போது மோட்டார் தானாக ஓடும். கேபிளில் சிறு கீறல் இருந்தாலும் தண்ணீரில் இருப்பவர் உயிர் போகும். மெயினை அணைத்து, பியூஸ் கேரியர்களைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் மேலே ஏறும் வரை அவை உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்து ஆழம். கயிற்றில் கல் கட்டி நாலு மூலையிலும் விட்டுப் பாருங்கள். சரிந்த கல், பழைய குழாய், கழற்றிப்போட்ட இரும்பு எல்லாம் நீருக்கடியில் கிடக்கும்; எனவே தலைகீழாகப் பாய யாரையும் விடாதீர்கள். படிகளில் பாசியை முந்தின நாளே தேய்த்து எடுங்கள். காற்றடித்த லாரி டியூபில் அடிவரை எட்டும் நைலான் கயிறு கட்டி, மறுமுனையை மேலே மரத்தில் முடியுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர் இறங்கட்டும், மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் டியூபை வீச வேண்டுமே தவிர பின்னால் குதிக்கக் கூடாது. பயத்தில் இருப்பவர் காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். மது அருந்தியவருக்கு அன்று கிணறு இல்லை, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

புழக்கமில்லாத பாழுங்கிணற்றில் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே பிராணவாயு குறைந்து, இறங்கியவர் சத்தமில்லாமல் மயங்கி விழுவார்.

கேள்வி: பத்துப் பேருக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் காலை இட்லியும். அளவு சொல்லுங்களேன்.

பதில்: உயிருடன் 3 கிலோ எடைக்கு வாங்கினால் கறி 2 கிலோ தேறும். இன்னும் முட்டையிடாத வெடைக்கோழியாகக் கேளுங்கள். முற்றிய சேவல் குக்கரில் ஆறு விசிலுக்கும் நாராகவே நிற்கும். 2 கிலோவுக்குச் சின்ன வெங்காயம் 400 கிராம், பூண்டு 100, இஞ்சி 50, தேங்காய் அரை மூடி. மதியச் சாதத்துக்கு அரிசி ஒன்றேகால் கிலோ. காலையில் கிணறு, வயல் என்று சுற்றியிருந்தால் ஒன்றரை.

இட்லி அரிசி 1 கிலோ, உளுந்து 250 கிராம் போட்டால் ஏறக்குறைய 50 இட்லி வரும். சனிக்கிழமை காலைக்கு வெள்ளி மதியமே ஆட்டிவிடுங்கள். சாயங்காலம் கரண்டு போனால் மாவும் போச்சு. மார்கழியில் புளிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

கேள்வி: இரவு களத்தில் பாய் விரித்துப் படுக்க ஆசைப்படுகிறார்கள்.

பதில்: வெறுந்தரை வேண்டாம். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி அதிகம் தெரியாது, பல் தடமும் சில சமயம் கண்ணுக்குப் படாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தானாகச் சரிவது, விழுங்க முடியாமை என்று ஆரம்பித்தால் அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுங்கள். விறகுக் குவியல், வைக்கோல் போர், கோழிக்கூண்டு ஆகியவற்றிலிருந்து தள்ளிப் போடுங்கள். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். தலைமாட்டில் ஆளுக்கொரு டார்ச். செருப்பைக் காலையில் தட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள், தேள் இருக்கலாம். எதிர்விஷ மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போகும் வழி எது என்று வெள்ளிக்கிழமைக்குள் விசாரித்து எல்லோருடைய போனிலும் போட்டுவிடுங்கள்.