காப்பகத்தில் நேர்ந்த மரணம்: யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

மனநலக் காப்பகங்களிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் உறவினரை இழந்தவர்களின் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தம்பி தனியார் மனநல இல்லம் ஒன்றில் இருந்தான். ஒருநாள் காலையில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று போன் வந்தது. நாங்கள் போவதற்குள் உடலை வேனில் ஏற்றியிருந்தார்கள். அன்றே தகனம் முடிந்துவிட்டது. அவனுக்கு இதய நோய் இருந்ததே இல்லை. இனி கேட்க ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. பிரேதப் பரிசோதனைக்கான வாய்ப்பு போய்விட்டது, அது பெரிய இழப்புதான். ஆனால் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாமதிக்காமல் கேளுங்கள்.

முதலில் இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதிய சான்றிதழ். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தத்தின்படி, மருத்துவ நிறுவனம் அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அதில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று மட்டும் இருந்தால் அது காரணமே அல்ல. இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கும். எதனால் நின்றது என்பதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து கேஸ் ஷீட், மருந்து அட்டை, செவிலியர் குறிப்புகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்திருங்கள்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும், இல்லத்தோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனநல மருந்து உட்கொள்பவர்கள் இல்லங்களில் இறப்பது பல நேரங்களில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால். குளோசபின் என்ற மனநல மருந்து கடுமையான மலச்சிக்கலை உண்டாக்கும். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிரையே பறிக்கும். அதே மருந்துக்கு வெள்ளையணு எண்ணிக்கையைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும். சில மருந்துகள் விழுங்கும் திறனைக் குறைப்பதால் சாப்பாடு தொண்டையில் சிக்கி மூச்சு அடைக்கும். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்துப்போவது மருந்தின் எதிர்வினையாக இருக்கலாம். அப்போது மருந்தை நிறுத்தி உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசி மூன்று நாட்களில் உங்கள் தம்பி என்ன சாப்பிட்டார், மலம் கழித்தாரா, காய்ச்சல் இருந்ததா, மருத்துவர் கடைசியாக எப்போது நேரில் பார்த்தார்? இவற்றுக்குப் பதிவேட்டில் விடை இல்லையென்றால், அந்த வெற்றிடமே கவனிப்பு இல்லாததற்குச் சான்றாகும்.

கேள்வி: சேர்க்கும்போது ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கை கட்டப்பட்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை. அலட்சியத்தால் நேரும் மரணம் குற்றம். குற்றப் பொறுப்பை ஒரு தனியார் படிவத்தால் தள்ளுபடி செய்ய முடியாது. அந்தக் காகிதத்துக்குப் பயப்படாதீர்கள்.

கேள்வி: என் மகளின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தழும்புகள் இருந்தன. ‘முரண்டு பிடித்தாள், அதனால் கட்டினோம்’ என்கிறார்கள். கட்டுவது சட்டப்படி சரியா?

அம்மா, சங்கிலி என்றால் எந்தச் சூழலிலும் சரியல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அதை முற்றாகத் தடை செய்கிறது. வேறு வகையில் கட்டுப்படுத்துவதற்கு 97-ஆம் பிரிவில் கடுமையான வரம்புகள் உள்ளன. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அனுமதி, அதுவும் மனநல மருத்துவரின் ஒப்புதலோடும் கண்காணிப்போடும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாகவோ கட்டக் கூடாது. ஏன், எவ்வளவு நேரம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

‘முரண்டு பிடித்தாள்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்தப் பதிவேட்டையும் வாரியத்துக்கு அனுப்பிய மாத அறிக்கையின் நகலையும் கேளுங்கள். தழும்புகளைப் புகைப்படம் எடுத்திருந்தால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: காவல் நிலையத்தில் ‘மரணத்தில் சந்தேகம் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எழுதினால்தான் உடல் சீக்கிரம் கிடைக்குமாம்.

எழுதிக் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருக்கிறது என்று எழுதுங்கள். யார் மேல் என்று சொல்லத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ‘மரணத்துக்கான காரணம் எங்களுக்கு விளக்கப்படவில்லை, பிரேதப் பரிசோதனை வேண்டும்’ என்பதே போதும். சந்தேக மரணத்தை விசாரிக்கும் கடமை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 174.

முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை நாடலாம். மருத்துவர் மீது மட்டும் குற்ற வழக்கு தொடுப்பது கடினம் என்பதையும் அறிந்திருங்கள். பெரும் அலட்சியம் இருந்ததற்கு, நடுநிலையான வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லத்தை நடத்தியவர், கதவைப் பூட்டியவர், ஆள் வைக்காத நிர்வாகி ஆகியோருக்கு அந்தத் தனிப் பாதுகாப்பு கிடையாது. புகாரில் அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. எத்தனை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்?

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டு. கட்டணம் செலுத்திச் சேர்த்திருந்தால், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதனால் தாயோ சகோதரியோ மனைவியோ முன்நின்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கடைசியில் ஒரு வார்டு பாய்தானே மாட்டுவான்? பெரிய இடத்தில் யாராவது பொறுப்பேற்றது உண்டா?

உங்கள் கோபம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். மொத்தம் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இல்லத்தின் உரிமையாளர் உள்ளிட்டோருக்குப் பின்னர் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் உரிமம் பெறாமல் மனநல இல்லம் நடத்தக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. உரிமம் இல்லாத கொட்டகைகள் எல்லோர் கண்ணெதிரிலும் இயங்கின. அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்த அதிகாரிகளின் பொறுப்பு என்ன என்ற கேள்விதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் அந்தக் கேள்வியைக் குடும்பங்கள் கைவிடவில்லை. செலவைக் குறைப்பதாகச் சொல்லி, மாகாண சுகாதாரத் துறை ‘லைஃப் எசிதிமேனி’ என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, 2016-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அங்கிருந்து வெளியேற்றியது. பலர் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வேண்டாம் என்று குடும்பங்கள் முன்கூட்டியே எச்சரித்தன, நீதிமன்றமும் போயின. 144 பேர் இறந்தார்கள். அந்தத் தொண்டு நிறுவனங்களில் 27-க்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று சுகாதாரக் குறைதீர் அதிகாரி 2017-ல் அறிக்கை தந்தார். மாகாண சுகாதார அமைச்சர் கெதானி மஹ்லாங்கு பதவி விலகினார். ஓய்வுபெற்ற நீதிபதி டிக்காங் மொசெனெகே, குடும்பங்களைப் பேசவிட்டுக் கேட்டு, 2018-ல் இழப்பீடு வழங்கினார். அதோடும் குடும்பங்கள் நிற்கவில்லை. 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், ஒன்பது பேரின் சாவுக்கு மஹ்லாங்கு, துறையின் மனநலப் பிரிவுத் தலைவர் ஆகிய இருவரின் செயல்களே காரணம் என்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது.

எட்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கத் தனிக் குடும்பத்தால் முடியாது. அதே இல்லத்தில் உறவினரை இழந்த மற்றவர்களைத் தேடிப்பிடியுங்கள். அந்த இல்லம் எந்த ஆண்டு பதிவு பெற்றது, எத்தனை முறை ஆய்வு நடந்தது, அறிக்கையில் என்ன இருந்தது என்று மாநில மனநல ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கையெழுத்திட்ட அதிகாரி யார் என்பது அந்தக் காகிதங்களில்தான் இருக்கும்.

கேள்வி: அப்பாவை ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது என்கிறார்கள். ‘அப்போதுதான் பழகுவார்’ என்று விளக்கம்.

இந்த வாரமே போய்ப் பாருங்கள். பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உங்கள் அப்பாவுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு உரிமை தருகிறது. வரவேற்பறையில் உட்காரவைத்து அவரை அங்கே அழைத்து வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். உடல் எடையைக் கவனியுங்கள். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், கதவு பூட்டப்படுமா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்ட மறுத்தால் அன்றே வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.