நாட்டு மருந்துக்கடைக்காரர் மகள் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேலம் மாவட்டத்திலிருந்துதான். மாம்பழ சீசன் வந்தால் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி ஞாபகம் வந்துவிடும் போல. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பா செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். நான் ஒரு பார்மசி கல்லூரி ஆய்வகத்தில் 31 வருஷம் சோதனைக்குழாய் கழுவியும் கழுவச் சொல்லியும் ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை.

எங்கள் தோட்டத்து வேலியில் சிறுகுறிஞ்சான் படர்ந்திருக்கிறது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் வாயில் மணல் மாதிரி இருக்கிறது. நாக்கிலேயே சர்க்கரையைக் கொல்கிறதென்றால் ரத்தத்திலும் கொல்லும்தானே? மாத்திரையை நிறுத்தலாமா? — ஒரு வாசகர், ஏற்காடு அடிவாரம்

மாத்திரையை நிறுத்தாதீர்கள் ஐயா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் செய்த சோதனையை நானும் வருஷா வருஷம் வகுப்பில் செய்திருக்கிறேன். பையில் இலை, ஒரு டப்பாவில் சர்க்கரை, சீசனாக இருந்தால் ஒரு சேலம் குண்டு மாம்பழம். இலையை நன்றாக மென்று, நாக்கு முழுக்கச் சாறு படவிட்டு, துப்பிவிட்டு, ஒரு துண்டு மாம்பழம். பிள்ளைகள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! இனிப்பு மட்டும் காணாமல் போய், புளிப்பும் நாரும்தான் மிஞ்சும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் நாக்கு பழையபடி திரும்ப. ஒரு பையன் மதியச் சாப்பாட்டில் பாயசத்தை வைத்துக்கொண்டு அழாத குறை.

இதற்குக் காரணம் ஜிம்னெமிக் அமிலங்கள். ஒன்றல்ல, ஒரு குடும்பமே உண்டு. நடுவில் ஐந்து வளையங்கள் ஒட்டிய டிரைடெர்பீன் கூடு, அதன் ஒரு முனையில் குளூக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை உறவுக்காரர். இப்படிக் கொழுப்பில் ஒட்டும் பாதியும் தண்ணீரில் ஒட்டும் பாதியும் சேர்ந்திருப்பவைதான் சாப்போனின்கள். பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதே குணத்தால்தான். இலைக் கஷாயத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். தேனடை மாதிரி நுரை எழும்பிப் பத்து நிமிஷமானாலும் அடங்காமல் நிற்கும். ஆய்வகத்தில் சாப்போனினுக்கு முதல் சோதனையே இந்த நுரைதான்.

அந்த அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருப்பதால் சர்க்கரை நின்றுகொண்டே போய்விடுகிறது. அவ்வளவுதான் நீங்கள் கண்டது. அந்தச் சர்க்கரை தொண்டை இறங்கி, குடல் போய், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இலைக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பொய்யென்று தள்ள மாட்டேன். ஆனால் மாத்திரைக்கு மாற்றாக நம்பும் அளவுக்கு அது வளரவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாத்திரையோடு இலையும் சேர்ந்து சர்க்கரை மிகவும் இறங்கினால் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். இலை சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மஞ்சள்தூளில் சுண்ணாம்பு போட்டால் சிவந்தால் அது கலப்படமில்லாத மஞ்சள் என்கிறார் என் மாமியார். சரியா? — ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பாதி சரி. சிவந்தால் அதில் மஞ்சள் இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் *மட்டும்* இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்பது இரண்டு ஃபீனால் வளையங்களை ஏழு கார்பன் சங்கிலியால் கட்டியது போல இருக்கும். சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டால் அது ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து, ஒளியை உறிஞ்சும் விதமே மாறி, சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் நடப்பதும், சாம்பார்க் கறை பட்ட வேட்டி சோப்பு பட்டதும் செக்கச்செவேல் என்று ஆவதும் இதே சங்கதி.

மெட்டனில் மஞ்சள் என்ற சாயத்தைக் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். தூளில் விட்டால் இளஞ்சிவப்பு வரும். தண்ணீர் ஊற்றியதும் நிறம் போய்விட்டால் கவலை இல்லை, போகாமல் நின்றால் சாயம். அடுப்படியில் இந்த அமிலத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். அப்பா லீ பஜாரிலிருந்து விரலி மஞ்சளாகவே எடுத்து வந்து, ஒன்றை ஒடித்து உள்ளே நிறம் பார்த்த பிறகுதான் மூட்டையை இறக்கச் சொல்வார். வீட்டுக்கு அந்த வழிதான் நல்லது.

மருந்துக் குணம் கேட்டு வேறு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. குர்க்குமின் குடலில் சரியாக ஏறாது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு பல மடங்கு கூடியது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் போடுபவர்கள் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் பைப்பரின் வேறு சில மருந்துகளையும் அதே போல ஏற்றிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் அதில் ஒன்று. ரசத்துக்குப் பயம் வேண்டாம். மாத்திரையாக விற்கும் பைப்பரினுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

டீச்சர், ஏற்காட்டு காப்பித்தூளிலிருந்து கஃபீன் பிரித்தேன். மேயர் கரைசலில் வீழ்படிவே வரவில்லை. ‘அல்கலாய்டு என்றால் வந்தாக வேண்டும், நீ பிரித்தது தப்பு’ என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். — ஒரு மாணவி, சேலம்

கண்ணு, நீ பிரித்தது சரியாகத்தான் இருந்திருக்கும். அல்கலாய்டு என்பது செடிகளில் இருக்கும், நைட்ரஜன் உள்ள காரப்பொருள் (மிளகுக் காரமல்ல, சுண்ணாம்பு மாதிரிக் காரம்); அதைக் காட்டிக்கொடுக்கத்தான் மேயர் கரைசல். ஆனால் கஃபீன் மிக மிகப் பலவீனமான காரம். மற்ற அல்கலாய்டுகள் மேயரில் பால் வெள்ளையாகப் படியும்போது இது சும்மா இருக்கும். எனக்கும் முதல் வருஷம் இதே கதைதான். ஒரு பெண்ணின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு, ராத்திரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் காலையில் போய் அழித்துக்கொடுத்தேன்.

உனக்கு வேண்டியது மியூரெக்சைடு சோதனை. பீங்கான் கிண்ணத்தில் கஃபீன் துளி, ஒரு படிகம் பொட்டாசியம் குளோரேட், சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெந்நீர்த் தொட்டி மேல் வைத்து வற்றவிட்டால் செம்பழுப்பாக ஒட்டியிருக்கும். கிண்ணத்தைத் திறந்த அம்மோனியா பாட்டில் வாய் மேல் கவிழ்த்துப் பிடி. கத்தரிப்பூ நிறம் பரவும் பார், அதற்காகவே இந்தப் படிப்பு படிக்கலாம். பியூரின் கூட்டில் மூன்று மெத்தில் மாட்டிய மூலக்கூறு கஃபீன். அந்தச் சோதனை பார்ப்பது அந்தப் பியூரின் கூட்டைத்தான்.

ரூங்கே என்ற ஜெர்மானியர் கஃபீனைப் பிரித்தது 1819-ல். அடுத்த சில வருஷங்களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச்செடி வைக்கிறார். காப்பி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைமாதத்தில் பிறந்து மூச்சு விட மறக்கும் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மருந்தும் இதே கஃபீன்தான், சிட்ரேட் வடிவில். வைவாவில், அதான் வாய்மொழித் தேர்வில், இதைச் சொல்.

நித்தியகல்யாணி பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் அண்டாதாமே? — ஒரு வாசகர், ஓமலூர்

குடிக்காதீர்கள். அந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள். புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் அதில் ஒன்று. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். உங்கள் சொம்பில் எது எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது?

குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் புகுந்து தழை மேய்ந்த என் இரண்டு ஆடுகள் கால் மணி நேரத்தில் செத்துவிட்டன. யாரோ விஷம் வைத்ததாகப் பங்காளியோடு சண்டை. கிழங்கில் விஷம் உண்டா? அப்படியானால் ஜவ்வரிசி? — ஒரு வாசகி, ஆத்தூர் பக்கம்

பங்காளியிடம் முதலில் சமாதானம் பேசுங்கள் அம்மா.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் லினமரின் என்று ஒன்று இருக்கிறது. குளுக்கோஸோடு சயனைடைக் கட்டிப்போட்ட மூட்டை அது. அதை அவிழ்க்கும் நொதி செல்லின் சுவரில் தனியாக இருக்கும். ஆடு கடித்து மென்று நசுக்கியதும் இரண்டும் சந்திக்க, ஹைட்ரஜன் சயனைடு கிளம்பிவிடும். தழையிலும் தோலிலும் அதிகம், உள்கிழங்கில் குறைவு.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மஞ்சள் தாள். வடிதாளைப் பிக்ரிக் அமிலத்திலும் சோடியம் கார்பனேட்டிலும் நனைத்து உலர்த்தி, கசக்கிய தழை போட்ட குப்பிக்குள் தழையைத் தொடாமல் தொங்கவிட்டு மூடி, லேசாகச் சூடு காட்ட வேண்டும். மஞ்சள் மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்குப் போகும். ஆத்தூர்த் தழையில் ஒரு தடவை செய்து காட்டியபோது, கிழங்கு போடும் வீட்டுப் பையன் ஒருவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் வீட்டிலும் முந்தின வருஷம் ஆடு போயிருந்தது.

ஜவ்வரிசிக்குப் பயமில்லை. சேகோ ஃபேக்டரியில் தோல் சீவி, அரைத்து, தண்ணீரில் அலசி, மாவைப் படியவிட்டு, வறுக்கிறார்கள். தண்ணீரோடும் ஆவியோடும் சயனைடு போய்விடும். வீட்டில் கிழங்கு வேகவைக்கும்போது தோலை முழுக்க உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இனி ஒரு ஆடு தழை தின்று தள்ளாடினால் வேப்பிலை அடிக்க நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, குச்சிக்கிழங்குத் தழை என்று சொல்லியே கூப்பிடுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ஊசியாகப் போடுவார். இந்தத் தயோசல்ஃபேட்தான் பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று வைத்திருந்த உப்பு. தோட்டத்துப் பக்கம் வேலியை இன்றைக்கே அடைத்துவிடுங்கள். தழை வீணாகிறதே என்று தோன்றினால் பொடியாக நறுக்கி, வெயிலில் சருகாகக் காயவிட்டு, வேறு தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து போடலாம்.