எரிச்சலும் முதுகுவலியும்: ஆண்களின் மனநலம் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆண்கள் உதவி தேடுவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

எனக்குச் சோகம் எதுவும் இல்லை சார், அழுகையும் வருவதில்லை. ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். முதுகுவலி வேறு, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மனநல மருத்துவரைப் பார் என்கிறாள் மனைவி. தேவையா? (வயது 41)

தேவை. "மனசு சரியில்லை" என்று பேச்சைத் தொடங்குகிற ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதுகுவலி, படபடப்பு, தூக்கமின்மை என்று உடம்பைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். ஆம்பளை அழக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சோகம்கூடக் கோபமாகத்தான் வெளியே வருகிறது.

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் 9 கேள்விகள். கடந்த 2 வாரங்களில் ஆர்வம், தூக்கம், பசி, களைப்பு, கவனம் எப்படி இருந்தன என்று கேட்கும். நீங்கள் அழுதீர்களா என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. அழுகை வராததை வைத்து உங்களுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் உங்கள் வழக்கமான டாக்டரிடமே போகலாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு இரண்டும் இதே மாதிரிக் களைப்பைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். போகும்போது முதுகுவலியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோபத்தையும் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். என்னிடம் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாதாமே?

மனச்சோர்வு மாத்திரைகள் போதைப்பொருள் போல ஏங்க வைப்பதில்லை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து சில தூக்க மாத்திரைகளிலும் பதற்ற மாத்திரைகளிலும் உண்டு. அவை வேறு வகை.

எனக்கு எத்தனை மில்லிகிராம் சரியாக இருக்கும்?

நான் மருத்துவர் அல்ல. எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

உட்கார்ந்து பேசுவதெல்லாம் ஆண்களுக்கு ஒத்துவராது. தினமும் ஓடினால் தானாகச் சரியாகும். ஆலோசனை என்ற பெயரில் ஏன் குழப்புகிறீர்கள்?

உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும், அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது பல ஆண்களுக்குச் சங்கடம் என்பதும் உண்மை. 1990களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'மென்ஸ் ஷெட்' பட்டறைகளில் மரவேலை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு வந்துவிடுகிறது.

அப்படியானால் நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

பாதியை. அந்தப் பட்டறையிலும் பேச்சு நடக்கிறதே! கடுமையான மனச்சோர்வில் இருப்பவருக்குக் கட்டிலை விட்டு எழுவதே மலை. அவரிடம் "ஓடு" என்றால், அதுகூட முடியவில்லையே என்று இன்னும் குறுகிப்போவார்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் ஓடியே சமாளித்தவன். முழங்கால் அடிபட்டு மூன்று மாதம் படுத்தபோது எல்லாம் திரும்பி வந்தது. அப்புறம்தான் ஆலோசகரிடம் போனேன். இப்போது ஓட்டமும் உண்டு, பேச்சும் உண்டு.

இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. நன்றி.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிறான் நண்பன். தற்கொலை எண்ணமா என்று கேட்டால், நானே தூண்டிவிட்டது போல் ஆகிவிடாதா?

ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் பலருக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி, உலக அளவில் ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இன்றே கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" ஆமாம் என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், வாதாடாதீர்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். அவனைத் தனியே விடாதீர்கள். கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இருந்தால் அகற்றுங்கள். அவசரப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப்போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாத்திரை பழகிவிடுமா?

மேலே சொல்லியிருக்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரவில் இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது. தவறா?

தூக்கம் சீக்கிரம் வரும், நடுராத்திரியில் கலையும். மதுவே மனச்சோர்வைக் கூட்டும். தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று விடுவதும் ஆபத்து, டாக்டர் துணையோடு விடுங்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம். பாசமே வரவில்லை, ஓடிப்போகலாம் போல இருக்கிறது. அப்பாவுக்கும் இது வருமா?

வரும். பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வு அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் கெட்ட அப்பா இல்லை. இந்த வாரமே ஒருவரைப் பாருங்கள்.

மாத்திரை இல்லாமல் முடியாதா? பழகிவிடும் என்கிறார்களே.

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். பழகுவது பற்றி மேலே படியுங்கள்.

போக வேண்டும் என்று தெரிகிறது சார். வீட்டில் எப்படிச் சொல்வது? (வயது 23)

தம்பி, முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. "கொஞ்ச நாளாக எனக்கு முடியவில்லை, டாக்டரைப் பார்க்கணும், கூட வர்றீங்களா?" இவ்வளவு போதும். வீட்டில் யாரிடம் சொன்னால் குறுக்குக் கேள்வி குறைவாக வருமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். போய்வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.